புழு வெளிய வந்துட்டா மருந்து வேலை செஞ்சுருச்சுன்னு அர்த்தமா?

நாய் வளக்குறவங்க வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் ஒரு பதிவு சுத்திக்கிட்டே இருக்கு. பூண்டு, சின்ன வெங்காயம், வேப்பிலை, பாகற்காய், வெல்லம் எல்லாத்தையும் அரைச்சு உருண்டை பிடிச்சு குட்டிக்குக் குடுங்க, பூச்சி மாத்திரையே வேணாம்னு. கீழ ரெண்டு பேரு, குடுத்தோம், காலைல புழுவா வந்துச்சுன்னு போட்டோ போடுறாங்க. எனக்கு நாட்டு மருந்து மேல நம்பிக்கை உண்டு, அதனாலதான் இதைப் பாத்தா கோவம் வருது.

முதல்ல அந்த உருண்டை மாட்டுக்குச் சொல்றது. நாய்க்கு வெங்காயமும் பூண்டும் ரத்தத்துல சிவப்பணுவைச் சேதப்படுத்தும். 2000-ல ஜப்பான்ல ஒரு ஆய்வு வந்துச்சு, கிலோ எடைக்கு 5 கிராம் பூண்டுக்குச் சமமான சாறை 7 நாள் நாய்ங்களுக்குக் குடுத்ததுல சிவப்பணு சேதம் தெளிவா தெரிஞ்சுது. அது பெரிய அளவுதான், ஒத்துக்கிறேன். ஆனா கொக்கிப்புழு இருக்குற குட்டி ஏற்கெனவே ரத்தம் இழந்துட்டு இருக்கு, உதட்டைத் தூக்கிப் பாருங்க, ஈறு ரோஸ் கலர் போயி வெளுத்துக் கெடக்கும், மலம் தார் மாதிரி கருப்பா போகும், அந்தக் குட்டிக்குப் போயி பூண்டா?

புழு வந்துச்சேங்குறீங்க. கண்ணுக்குத் தெரியுறது பெரும்பாலும் உருண்டைப்புழு. வயித்துல நிறைய இருந்தா அது மருந்தே இல்லாமயும் சிலது வரும், குட்டி வளர வளர எதிர்ப்பு சக்தி வந்து தானாவும் குறையும். ரத்தம் குடிக்கிற கொக்கிப்புழு ரெண்டு சென்டிமீட்டர்கூட வராது, நூல் கணக்கா இருக்கும், மலத்துல யாரும் அதைத் தேடிப் பாக்குறதே இல்ல. பத்து வந்துச்சுங்கறது தெரியுது, உள்ள எத்தனை மிச்சம்னு எப்படித் தெரியும்?

காலேஜ்கள்ல நடக்குற ஆராய்ச்சியிலயும் எனக்கு வருத்தம் இருக்கு. நம்ம ஊர் மூலிகைக்குப் புழுக்கொல்லி குணம் இருக்குன்னு வர்ற கட்டுரைகள்ல எக்கச்சக்கமா மண்புழு டெஸ்ட்தான். தோட்டத்து மண்புழுவைத் தட்டுல போட்டு, குப்பைமேனிச் சாறோ பப்பாளி விதைச் சாறோ ஊத்தி, எத்தனை நிமிஷத்துல அசைவு நிக்குதுன்னு பாப்பாங்க. மண்புழு ஒட்டுண்ணியே கிடையாது, உப்பைப் போட்டாலும்தான் சாகும். அந்தச் சாறு நாய் வயித்து அமிலத்தைத் தாண்டி, சோத்தோட கலந்து, குடல்ல கவ்விக்கிட்டு இருக்குற புழுகிட்ட எவ்வளவு போய்ச் சேரும்ங்கறதுக்கு அந்தத் தட்டுல பதில் இல்ல. முதல் படியா அது இருக்கட்டும், அங்கேயே நின்னுடுறதுதான் கொடுமை.

செடியில மருந்து இல்லைன்னு நான் சொல்லவே இல்ல. நம்ம கொட்டைப்பாக்குல இருக்குற அரிகோலின்தான் ஒரு காலத்துல நாய் நாடாப்புழுவுக்கு உலகம் முழுக்கக் குடுத்த மருந்து. நியூசிலாந்துல ஹைடாடிட் நோயை (நாய் நாடாப்புழுவால ஆட்டுக்கும் மனுஷனுக்கும் ஈரல், நுரையீரல்ல நீர்க்கட்டி வர்ற நோய்) ஒழிக்க 1959-ல சட்டமே போட்டு, ஊர் நாய்களை எல்லாம் ஒரு இடத்துல கட்டி வச்சு அரிகோலின் குடுத்து, அது பேதியாகுறதை எடுத்துட்டுப் போயி புழு இருக்கான்னு பாத்தாங்க. வாந்தி, வயித்து வலின்னு நாய் பட்ட பாடு அதிகம், சில நாய்க்கு அது சரியா கேக்கவும் இல்ல, அதனாலதான் 1970-கள்ல பிராசிக்வான்டெல் மாதிரி புது நாடாப்புழு மருந்துங்களுக்கு மாறுனாங்க. (இதைப் படிச்சுட்டு யாரும் பாக்கு குடுத்துடாதீங்க, அது விஷமாவும் ஆகும்.) பாக்கு பேர் வாங்குனது பரிசோதனையில நின்னு. குப்பைமேனிக்கும் புரசு விதைக்கும் வாய்விளங்கத்துக்கும் அந்த வாய்ப்பை நாம ஏன் குடுக்கல?

பண்றது ஒண்ணும் ராக்கெட் விஷயமில்ல. வளந்த, தெம்பா இருக்குற, லேசா புழு இருக்குற நாய்ங்களை எடுத்து குலுக்கல்ல மூணா பிரிக்கணும். ஒண்ணுக்கு மூலிகை, ஒண்ணுக்கு ஃபென்பென்டசோல்ங்குற வழக்கமான பூச்சி மருந்து, ஒண்ணுக்கு இப்போதைக்கு ஒண்ணும் வேணாம், ஆய்வு முடிஞ்சதும் அதுங்களுக்கும் மருந்து. ஆரம்பத்துலயும் ரெண்டு வாரம் கழிச்சும் ஒரு கிராம் மலத்துல எத்தனை முட்டைன்னு எண்ணணும், எண்ணுற ஆளுக்கு எது எந்த நாயோடதுன்னு தெரியக்கூடாது. இலையா வேரா, பச்சையா காஞ்சதா, கிலோவுக்கு எவ்வளவுன்னு எழுதி வைக்கணும். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலின்னு நம்மகிட்ட கால்நடைக் கல்லூரிங்க இருக்கு, கேட்டு வாங்கணும். இதுக்கு அவசரமும் இருக்கு, அமெரிக்காவுல ரேஸ் கிரேஹவுண்ட் நாய்ங்ககிட்ட பல மருந்துக்கும் சாகாத கொக்கிப்புழு வந்துருச்சு.

அதுவரைக்கும் குட்டிக்கு ரெண்டாவது வாரத்துலயே டாக்டர்கிட்ட எடை பாத்து பூச்சி மருந்து குடுத்துருங்க, தாய்ப்பால் வழியாவே கொக்கிப்புழு வந்துரும். பெரிய நாய்க்கு மூலிகைதான் குடுப்பேன்னு பிடிவாதமா இருக்கீங்களா, குடுக்குறதுக்கு முன்னாடியும் ரெண்டு வாரம் கழிச்சும் மலப் பரிசோதனை பண்ணி அந்த ரெண்டு ரிப்போர்ட்டையும் குரூப்ல போடுங்க, புழு போட்டோ வேணாம். சாம்பிள் அன்னைக்குப் போனதா இருக்கணும், மூடி போட்ட சின்ன டப்பாவுல எடுத்துட்டுப் போங்க, நம்ம வெயில்ல ஒரு நாள் வெளிய கெடந்தாலே கொக்கிப்புழு முட்டை பொரிஞ்சுடும், அப்புறம் எண்ண முட்டையே இருக்காது.