'ஃபண்டி' என்ற சொல்லுக்கும் வெளிநாட்டுப் பணத்துக்கும் சம்பந்தமில்லை

'ஃபண்டி என்றால் வெளிநாட்டிலிருந்து ஃபண்ட் வாங்கி மதம் பரப்புகிறவர்' என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்துச் சபைக்காரர்கள் எல்லோரையும் சேர்த்து அப்படியே அழைக்கலாம் என்றும் சிலர் தொடர்ந்திருக்கிறார்கள். இந்தப் பொருள் சரியல்ல அண்ணே.

அது 'ஃபண்டமென்டலிஸ்ட்' (அடிப்படைவாதி) என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம், அவ்வளவுதான். 1910 முதல் 1915 வரை அமெரிக்காவில் 'தி ஃபண்டமென்டல்ஸ்' என்று 12 தொகுதிகள் வெளிவந்தன. கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படைகள் என்று அவற்றை எழுதியவர்கள் கருதியவற்றை விளக்கும் கட்டுரைகள் அவை. 1920-ல் கர்ட்டிஸ் லீ லாஸ் என்ற பாப்டிஸ்ட் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) பத்திரிகை ஆசிரியர், அந்த அடிப்படைகளுக்காக வாதாடியவர்களை 'ஃபண்டமென்டலிஸ்ட்' என்று அழைத்தார். அவர் பெருமையாகத்தான் சொன்னார். ஏளனத் தொனியுள்ள 'ஃபண்டி' பிறகு வந்தது. இன்று எந்த மதத்தின் கடும்போக்காளரையும் அப்படிச் சொல்வதுண்டு. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஒருவரை அப்படி அழைப்பது பொருந்தாது. எனக்கு அதுதான் வருத்தம்.

லத்தீன் வரை போனால் 'ஃபண்ட்', 'ஃபண்டமென்டல்' இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், சரி. ஆனால் இந்தக் கொச்சைச் சொல் பணத்திலிருந்து வரவில்லை. ஜெர்மனியின் பசுமைக் கட்சியில் கொள்கையில் விட்டுக்கொடுக்காத அணியையும் 1980-களில் 'ஃபண்டி' என்றே அழைத்தார்கள். அங்கே மதமும் இல்லை, நன்கொடையும் இல்லை.

நீங்களே பார்க்கலாம். ஆக்ஸ்போர்டு, காலின்ஸ் போன்ற அகராதிகளின் இணையப் பக்கத்தில் எஃப், யு, என், டி, ஐ, இ என்று தட்டுங்கள். அப்புறம் 'ஃபண்ட்' என்ற சொல்லையும் தனியாகத் தேடி, இரண்டு விளக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.