கிழக்குத் திமோரையும் கணக்கில் எடுங்கள்

குவைத் மீட்கப்பட்டதைக் காட்டி, உலக நாடுகள் ஒன்றுபட்டால் ஆக்கிரமிப்பை முறியடிக்கலாம் என்கிறது கட்டுரை. சரி, அது நடந்தது உண்மைதான். 1990 ஆகஸ்ட் 2 அன்று இராக் நுழைந்தது. அன்றைக்கே ஐ.நா. பாதுகாப்பு சபை கண்டித்தது, நான்கே நாளில் பொருளாதாரத் தடை வந்தது.

இந்தோனேசியாவை ஒட்டிய சின்ன நாடான கிழக்குத் திமோருக்கு என்ன கிடைத்தது? 1975 டிசம்பர் 7 அன்று அதன் மீது இந்தோனேசியா படையெடுத்தது. முந்தைய நாள்தான் அமெரிக்க அதிபர் ஃபோர்டும் வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சரும் ஜகார்த்தாவில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவைச் சந்தித்து, தடுக்காமல் கிளம்பியிருந்தார்கள். டிசம்பர் 22 அன்று பாதுகாப்பு சபை, படைகளைத் திரும்பப் பெறச் சொல்லி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அப்புறம் நடவடிக்கை ஒன்றும் இல்லை. தடை கிடையாது, அமெரிக்க ஆயுதங்கள் போய்க்கொண்டே இருந்தன. கிழக்குத் திமோரை இந்தோனேசியா தன்னோடு இணைத்துக்கொண்டதைப் பக்கத்து ஆஸ்திரேலியா அங்கீகரித்து, 1989இல் திமோர் கடலின் எண்ணெயைப் பங்கிட இந்தோனேசியாவோடு ஒப்பந்தமும் போட்டது. இதை நினைத்தால் இன்றும் மனசு கொதிக்கிறது.

சண்டையிலும் பட்டினியிலும் ஒரு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். விடுதலை வேண்டுமா என்று அந்த மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த 1999 வரை ஆனது. 78 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் விடுதலையைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டுரையில் இந்த 24 ஆண்டுகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்க வேண்டும்.