தேக்காவில்தான் கடை போட வேண்டுமா?

சிங்கப்பூரில் தொழில் தொடங்குவது சுலபம் என்று காணொளி போடுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளக் கணக்கு) இருந்தால் போதும், வீட்டில் உட்கார்ந்தபடியே தொழில்களைப் பதியும் ஆணையமான அக்ராவில் பதிந்துவிடலாம். தனிநபர் தொழில் என்றால் பெயருக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. பிரைவேட் லிமிடெட் என்றால் மொத்தம் 315 வெள்ளி. அடையாள அட்டையில் இருக்கும் முழுப் பெயரிலேயே தொழில் செய்கிறவருக்கு அந்தப் பதிவுகூடத் தேவையில்லை. ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாதவரை பொருள் சேவை வரிக்குப் பதிய வேண்டிய கட்டாயமும் கிடையாது.

அதெல்லாம் சரி. யாரிடம் விற்கப் போகிறோம்?

சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. புதிதாகத் தொழில் தொடங்கும் நம் ஆட்களிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "தேக்காவுல ஒரு இடம் பாத்துக்கிட்டு இருக்கேன். நம்ம ஆளுங்கதான் கஸ்டமர். தீபாவளிக்கு முன்னாடி திறந்துடணும்." தேக்கா என்றால் லிட்டில் இந்தியா வட்டாரம். இந்தத் திட்டத்தில் எனக்கு உடன்பாடே இல்லை. வருத்தப்படாமல் மேலே படியுங்கள்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்த தொகையில் இந்தியர் 9 விழுக்காடு. வீட்டில் அதிகம் பேசுவது தமிழ்தான் என்று சொன்னவர்கள், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், 2.5 விழுக்காடு. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிகள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா நிரம்பி வழிவது அவர்களால்தான். ஆனால் சம்பளத்தை ஊருக்கு அனுப்ப வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு வேண்டிய சாப்பாட்டுக் கடை, மளிகைக் கடை, பணம் அனுப்பும் கடை எல்லாம் அங்கே ஏற்கெனவே வரிசையாக இருக்கின்றன. அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டு, இன்றைய வாடகையைக் கொடுத்து, பத்து இருபது வருடமாக இருக்கிறவரோடு விலையில் போட்டி போட வேண்டும்.

தீபாவளியும் அப்படித்தான். தேக்காவின் கேம்பல் லேன் பக்கம் அந்தச் சில வாரங்களில் நடக்க இடம் இருக்காது, கல்லாவும் நிறையும். வாடகையோ பன்னிரண்டு மாதத்துக்கும் கட்ட வேண்டியது. முன்பணமாகச் சில மாத வாடகை இடத்துக்காரரிடம் முடங்கியிருக்கும். காலி செய்யும்போது நாம் போட்ட டைல்ஸ், மேடை, விளக்கு எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்து, இடத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். தொடங்கும் செலவை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது மூடும் செலவைத்தான். மங்களகரமான பேச்சு இல்லைதான், என்ன செய்ய.

நம் பழைய ஆட்கள் இப்படியா தொழில் செய்தார்கள்? மாமா கடையை எடுத்துக்கொள்ளுங்கள். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்கின் கீழே, ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டிய அளவு இடம். செய்தித்தாள், சிகரெட், முறுக்குப் பாட்டில், பிள்ளைகளுக்கு மிட்டாய். கடைக்காரர் தமிழர், பெரும்பாலும் தமிழ் முஸ்லிம். வாடிக்கையாளர் அந்த புளோக் முழுவதும். மலாய் தண்ணீர்பட்ட பாடு. ஹொக்கியன் சீனத்தில் விலை சொல்லி வம்பும் பேசுவார்கள். பேரங்காடிகள் வந்து அந்தக் கடைகளைக் குறைத்துவிட்டன, உண்மைதான். ஆனால் அவர்கள் பிடித்திருந்த இடம் சரியான இடம். 1989லிருந்து இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று வரம்பு இருக்கிறது. ஆக, இந்த ஊரில் நீங்கள் எந்தப் பேட்டையில் இருந்தாலும், வீட்டுக்குக் கீழே இருப்பது எல்லாரும் கலந்த சந்தைதான். அதை விட்டுவிட்டு ரயில் ஏறித் தேக்காவுக்கு ஏன் போக வேண்டும்?

ஈசூனில் ஓர் அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். வீவக விதிப்படி சிறிய தையல் வேலையை வீட்டில் செய்யலாம். ஆனால் வாசலில் பலகை மாட்டக்கூடாது, வெளியாளை வேலைக்கு வைக்கக்கூடாது. தொடங்கியபோது சேலை பிளவுஸ்தான், நம் ஆட்களுக்குத்தான். பலகை இல்லாததால் மின்தூக்கியில் பார்த்தவர்கள்தான் விளம்பரம். எதிர்வீட்டு மலாய் அம்மா ஒரு பாஜு கூரோங்கை (மலாய்ப் பெண்களின் உடை) கொண்டுவந்து இடுப்பைப் பிடித்துத் தரச் சொன்னார். அவர் தங்கை, பிறகு தங்கையின் ஆபீஸ் தோழிகள். மேல் மாடிச் சீன ஆண்ட்டி கணவரின் கால்சட்டையை மடித்துத் தைக்கக் கொடுத்தார்.

இப்போது அவருடைய வருடம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். டிசம்பரில் பள்ளிச் சீருடை, ஜனவரியில் பள்ளி திறந்துவிடும். கையோடு சீனப் புத்தாண்டு வேலை. நோன்புப் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும், அதற்கேற்ப அவர் தன் நாள்காட்டியை மாற்றிக்கொள்கிறார். தீபாவளி வந்தால் பிளவுஸ். நடுவில் வாரம் தவறாமல் ஜிப் மாற்றுவதும் கால் மடிப்பதும். கணக்கைப் பார்க்கும் ஆள் என்பதால் சொல்கிறேன், தீபாவளி மாதம் அவருக்கு நல்ல மாதங்களில் ஒன்று, அவ்வளவுதான்.

சீனம் அவருக்குத் தெரியாது. ஊசியை வாயில் கவ்விக்கொண்டு துணியைப் பிடித்துக் காட்டுவார். ஆண்ட்டி மேலே, இன்னும் மேலே என்று கை காட்டுவார். சாக்கட்டியால் ஒரு கோடு. கூலியைத் தாளில் எழுதிக் காட்டுவார், கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ்வில் பணம் வந்துவிடும். மலாயில் பெண்டேக் (குட்டை), லொங்கார் (தொளதொள), ஏசோக் (நாளை) என்று பத்துப் பதினைந்து சொல்லை வைத்தே வண்டி ஓடுகிறது. மொழி தெரியாது என்பதைப் பெரிய தடையாக நினைத்து நம் வட்டத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். (பேரம் பேசுவதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் இல்லை என்பதையும் அந்த அக்காவிடம் கேட்டுக்கொள்ளலாம்.)

சாப்பாட்டுக் கடைக் கனவில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஊரிலிருந்து சமையல்காரரைக் கூட்டி வந்துவிடலாம் என்று எண்ணிக் கடை எடுக்காதீர்கள். இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரரை வேலை அனுமதிச் சீட்டில் எடுக்க 2023 செப்டம்பரிலிருந்து வழி இருக்கிறது. ஆனால் மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி. அப்படி எடுக்கும் ஆட்கள் மொத்தப் பணியாளர்களில் 8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஐந்து பேர் வேலை செய்யும் மெஸ்ஸில் 8 விழுக்காடு என்பது அரை ஆள்கூட இல்லை. ஆக, தோசை ஊற்றப் போவது நீங்களும் வீட்டிலிருப்பவரும்தான்.

டிபியில் (இங்கே வேலை செய்பவரின் குடும்பத்தாருக்கான சார்ந்திருப்போர் அட்டை) இருக்கும் சகோதரிகள் வாட்ஸ்அப்பில் மாவும் பலகாரமும் விற்பது எல்லாருக்கும் தெரியும். கைப்பக்குவத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2021 மே மாதத்திலிருந்து விதி இறுகிவிட்டது. டிபியில் இருப்பவர் சொந்தத் தொழில் செய்ய மனிதவள அமைச்சின் அனுமதிக் கடிதம் வேண்டும். அதற்குத் தொழில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், நிறுவனம் என்றால் இயக்குநராக 30 விழுக்காடு பங்காவது வேண்டும். அதோடு உள்ளூர்வாசி ஒருவரை உரிய சம்பளத்துக்கு வேலைக்கு வைத்து மசேநி (மத்திய சேமநிதி) கட்டிக் காட்ட வேண்டும். சின்ன வியாபாரத்துக்கு இது தாங்காது என்று எனக்கும் தெரியும். "எல்லாரும் செய்றாங்களே" என்று கேட்பவர்களுக்கு, கணவரின் வேலை அட்டையோடு சேர்ந்ததுதான் உங்கள் அட்டை என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

தேக்காவில் யாருமே பிழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பூக்கடை, நகைக்கடை, மளிகை எல்லாம் தலைமுறையாக நடக்கின்றன. என் பேச்சு புதிதாக வருகிறவர்களைப் பற்றியது. அங்கே புதிதாகக் கடை எடுத்து, கடன் வாங்காமல் மூன்றாவது தீபாவளியைத் தாண்டியவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள், என் கருத்தை மாற்றிக்கொள்ள ஆட்சேபம் இல்லை. வாடகை எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.