கட்டி முடித்ததற்கும் போனஸ்

கால்பந்துக் கழக அதிகாரிகளின் சம்பளம் வீரர்களின் சம்பளத்துக்குப் பக்கத்தில் தூசு, அதைத் தூக்கிப் பிடிப்பது வீண் என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. தொகையை மட்டும் பார்த்தால் சரி. நடத்தையையும் பார்க்க வேண்டாமா?

2020 மார்ச் கடைசியில் லண்டனின் டொட்டன்ஹாம் கழகம், மைதானத்தில் இறங்காத 550 ஊழியர்களின் சம்பளத்தில் 20 வீதத்தை வெட்டுவதாக அறிவித்தது. அதே நேரம் வெளிவந்த கணக்கில் அப்போதைய தலைவர் டானியல் லெவிக்கு 70 இலட்சம் பவுண். அதில் 30 இலட்சம், புதிய மைதானம் கட்டி முடித்ததற்கான போனஸ். அந்த மைதானமும் பிந்தித்தான் திறந்தது! ரசிகர்கள் சத்தம் போட்ட பிறகுதான் ஏப்ரலில் முடிவை மாற்றினார்கள்.

யாழ்ப்பாணத்தில் இருக்கிற நமக்கு இது எதற்கு என்று அந்தக் கட்டுரைக்கு எழுதிய கருத்தில் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தம்பி, 2023 ஜனவரியில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தி, ஓகஸ்ட் வரை நம் தேசிய அணி சர்வதேச ஆட்டம் ஆட முடியாமல் கிடந்தது மறந்துவிட்டதா? நம் கால்பந்துச் சம்மேளனக் கதிரைக்காரரின் இழுபறிக்கு விலை கொடுத்தது துரையப்பா மைதானத்தில் ஓடும் பெடியள் மாதிரியான ஆட்டக்காரர்தான்.

ஊர்க் கழகப் பொதுக்கூட்டத்தில் பந்து வாங்கிய பற்றுச்சீட்டைக் கேட்டே பொருளாளரை உலுக்குகிற ஆட்கள் நாம். லண்டன்காரரிடம் மட்டும் ஏன் கேட்கக்கூடாது?