அம்மாவின் கட்டைவிரலும் பத்தாயிரம் ரூபாய் போனும்

அம்மாவுக்குப் புது போன் வாங்கி இன்றோடு ஏழு வாரம் ஆகிறது. விலை 9,999 ரூபாய். எந்த நிறுவனம், எந்த மாடல் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். நான் சொல்லப்போகும் குறைகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு போனுடையவை அல்ல, அந்த விலையுடையவை. அடுத்த மாதம் அதே கடையில் வேறு பெயரில், வேறு நிறத்தில் வந்து நிற்கப்போகிற போனும் ஏறத்தாழ இதுவாகத்தான் இருக்கும்.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடம் அண்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். வெளியூர் நண்பர்களுக்காக: முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைக்கு எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதுதான் பெயர். (பெண் ஆபீஸில் வேலை பார்க்கிறாள் என்று நம்பி மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் கற்பனை செய்துகொண்டு வந்த மாப்பிள்ளை வீட்டார் கதை ஒன்று உண்டு. அது இன்னொரு நாள்.) முந்திரித் தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டாலும், விளக்கெண்ணெய் தடவிக்கொண்டாலும், வருடக்கணக்கில் உடைத்த கையில் ரேகை மிஞ்சாது. ரேஷன் கடை இயந்திரம் அம்மாவின் கட்டைவிரலை ஏற்றுக்கொண்ட நாட்களை எண்ணிச் சொல்லிவிடலாம்.

மார்த்தாண்டத்தில் கடைக்காரத் தம்பி போனைக் கையில் கொடுத்ததும் முதலில் பெருமையாகச் சொன்னது இதைத்தான். "பக்கவாட்டில் கைரேகை சென்சார் இருக்கிறது அக்கா, தொட்டாலே திறந்துகொள்ளும்." அம்மா தொட்டாள். திறக்கவில்லை. விரலைத் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னான். சேலையில் துடைத்துவிட்டு வைத்தாள். பிறகு ஆள்காட்டி விரல், பிறகு இடது கை. பத்து விரலும் தோற்றபின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு இது புதிதல்ல. இப்போது புள்ளிகளை இணைத்து ஒரு தமிழ் எழுத்தை வரைந்து திறக்கிறாள். எந்த எழுத்து என்பதை முகநூலில் சொல்வதற்கில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. விலை குறைந்த போனை, பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்கக் கூடாது. அச்சடிக்காமல் விட்டது என்ன என்று பார்த்து வாங்க வேண்டும். பத்தாயிரத்துக்குள் எல்லாவற்றையும் தர முடியாது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்தப் பத்தாயிரத்தில் 1,525 ரூபாய் ஜிஎஸ்டிக்கே போய்விடுகிறது. 2020 ஏப்ரலில் 12 சதவீதத்தை 18 ஆக்கினார்கள். மிச்சத்தில்தான் சில்லு, திரை, பேட்டரி, கடைக்காரர் லாபம் எல்லாமே. எங்காவது கை வைத்தே ஆக வேண்டும். எங்கே வைத்தார்கள் என்பதை ஒளிக்கிறார்களே, அதுதான் என் சண்டை.

"8 ஜிபி ரேம்" என்று அட்டையில் போட்டிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே பார்த்தால் பொடி எழுத்தில் 4+4. அந்த இரண்டாவது நான்கு, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. ரேம் என்பது அடுக்களை மேடை, சேமிப்பிடம் என்பது பரண். கை எட்டும் தூரத்தில் பாத்திரம் வைக்க மேடை வேண்டும். மேடை போதவில்லை என்றதும் பரணில் நாலடி ஒதுக்கி, "இதுவும் மேடைதான், மொத்தம் எட்டடி" என்று எந்தக் கொத்தனாராவது சொன்னால் வீட்டுக்காரி விடுவாளா? அதிலும் இந்தப் போனின் பரண் பழைய இஎம்எம்சி வகை. அதில் எழுதும்போது படிக்க முடியாது, படிக்கும்போது எழுத முடியாது, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போகும். மேம்பாலம் வருவதற்கு முந்தைய மார்த்தாண்டம் சந்திப்பை நினைத்துக்கொள்ளுங்கள். யுஎஃப்எஸ் என்ற வகையில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடும். இதே விலையில் அதைத் தரும் போன்களும் இருக்கின்றன, ஆனால் கடை அட்டையில் இந்த வரியைத் தேடினால் கிடைக்காது. கேமராவின் 50 மெகாபிக்சல் மட்டும் கைக்குழந்தைக்கும் தெரிகிற அளவில் இருக்கும்.

அந்த 50-ம் ஒரு கணக்குத்தான். வழக்கமாகப் படம் எடுக்கும்போது நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி, பன்னிரண்டரை மெகாபிக்சல் படமாகத்தான் கொடுக்கிறது. தவறில்லை, வெளிச்சம் கூடுதலாகப் பிடிக்க அதுதான் வழி. பகல் படங்கள் உண்மையிலேயே அழகாக வருகின்றன. திருவட்டாறு கோயில் வாசலில் விளக்கு வைத்த நேரத்தில் பேத்தியை எடுத்த படத்தில் மட்டும், பிள்ளையின் முகம் மாவு பூசியது போலிருந்தது. பக்கத்தில் இருக்கும் இரண்டாவது லென்ஸ் திருஷ்டிப் பொட்டு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

திரை 720 பிக்சல்தானா என்று இளசுகள் முகம் சுளிப்பார்கள். அம்மா எழுத்தை மிகப் பெரிய அளவில் வைத்துத்தான் படிக்கிறாள், அவளுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. பேட்டரிக்கும் அது நல்லது. ஆனால் வெயிலில் முற்றத்தில் நின்றால் கூப்பிடுவது யார் என்று தெரியாது. கையைக் குடையாகப் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ரப்பர் ஷீட் உலர்த்துகிற வீட்டில் பகல் முழுக்க முற்றத்தில்தானே வேலை.

5ஜி விஷயத்துக்கு வருவோம். 2022 அக்டோபரில் நம் நாட்டில் 5ஜி தொடங்கியபோது, ஜியோ தனியாகவே இயங்கும் முறையைத் தேர்ந்தெடுத்தது. ஏர்டெல், ஏற்கெனவே இருந்த 4ஜி அமைப்பின் தோளில் ஏறி நிற்கும் முறையில் தொடங்கியது. மலிவு போன்கள் சிலவற்றின் சில்லுக்கு முதல் முறை மட்டும்தான் தெரியும். அப்படி ஒன்றில், இரண்டாவது முறையில் இயங்கும் சிம்மைப் போட்டால் பெட்டியில் 5ஜி, சிம்மில் 5ஜி, ரீசார்ஜ் திட்டத்தில் 5ஜி, திரையில் மட்டும் 4ஜி. இந்தப் போன் எந்த முறை என்று கடையில் கேட்டேன். "5ஜிதான் அக்கா" என்ற பதில் மூன்று முறை கிடைத்தது. எங்கள் வீடு குலசேகரத்துக்கு அப்பால், ரப்பர் தோட்டச் சரிவில் இருக்கிறது. மழை பிடித்தால் 4ஜியே திண்ணை வரைதான் வரும். அதனால் நான் அதற்கு மேல் மல்லுக்கு நிற்கவில்லை. தண்ணீர் வராத குழாய்க்கு வெள்ளியில் திருகு போட்டு என்ன?

இனி, இந்தப் போனை நான் ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதைச் சொல்கிறேன். பேட்டரி. அம்மா பேசுகிற அளவுக்கு இரண்டு நாள் முழுதாக நிற்கிறது. சார்ஜ் ஏற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, ஆகட்டும். இரண்டாவது, போனின் அடியில் இருக்கும் இயர்போன் துளை. விலை கூடிய போன்களிலிருந்து அதை எப்போதோ எடுத்துவிட்டார்கள். மலிவு போனில் மிஞ்சியிருக்கிறது. இயர்போன் வயரைச் செருகினால் அதுவே ஆன்டெனாவாகி எஃப்எம் கேட்கும். டேட்டா வேண்டாம், சிக்னல் வேண்டாம்.

இதற்கா இவ்வளவு என்று நினைப்பவர்கள் 2017 நவம்பர் 30-ஆம் தேதி எங்கள் மாவட்டத்தில் இருந்திருக்க மாட்டார்கள். ஒக்கி புயலில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. தோட்டத்தில் மரங்கள் ஒடிந்த சத்தம் விடிய விடியக் கேட்டது. எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வர ஒன்பது நாள் ஆனது. என்னிடம் இருந்த விலை கூடிய போன் இரண்டாம் நாள் காலையிலேயே செத்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமாவின் பட்டன் போன்தான் ஊருக்கே செய்தி சொன்னது. திண்ணையில் அதை நடுவில் வைத்து, நாகர்கோவில் பண்பலையைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். கடலுக்குப் போனவர்கள் திரும்பாத சேதி ஒவ்வொன்றாக வந்தது. பிறகு 2023-இல் மத்திய மின்னணுத் துறை அமைச்சகம், போனில் எஃப்எம்மை முடக்கி வைக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. காரணம் இதேதான், பேரிடர் நேரத்துத் தகவல். அம்மா போனில் தேடிய முதல் பொருளும் அதுதான். இப்போது காலையில் ஒரு காதில் வயரோடுதான் முற்றம் பெருக்குகிறாள்.

என்னால் மன்னிக்க முடியாதது வேறு. போன் பூட்டியிருக்கும்போதே திரையில் யாரோ ஒரு நடிகையின் கல்யாணப் படம். மணி பார்க்கத் தொட்டால் ஏதோ ஒரு பக்கம் திறந்து ஓடுகிறது. "மக்களே, இது யார்?" என்று அம்மா கேட்கிறாள். (பெற்ற பிள்ளையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) நாம் கேட்காமலே ஏற்றிவைத்த விளையாட்டுகள், அவற்றுக்கு நடுவே "உடனடிக் கடன்" என்று ஒரு செயலி. இதையெல்லாம் நிறுத்த எனக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. நிறுத்தவா, உறுதியாகவா, யோசித்தீர்களா என்று கேட்டுக் கேட்டுத்தான் விட்டது. போனில் லாபம் குறைவு, விளம்பரத்தில் ஈடுகட்டுகிறார்கள் என்ற நியாயம் எனக்கும் தெரியும். அப்படியானால் விலையில் ஒரு பங்கை நாம் கண்ணால் கட்டுகிறோம் என்று பெட்டியில் எழுதட்டும். கேமரா சுமாராக இருப்பது சமரசம். அறுபது கடந்தவளின் விரலுக்குக் கீழே கடன் பொத்தானைக் கொண்டுவந்து வைப்பது அயோக்கியத்தனம்.

இன்னொரு குறையைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. அண்ணன் துபாயில் இருக்கிறான். அங்கே வாட்ஸ்அப்பில் அழைத்துப் பேச விடுவதில்லை என்பதால் அனுமதி பெற்ற வேறு ஒரு செயலியில்தான் கூப்பிடுவான். இரவு எட்டரை மணிக்கு, வேலை முடிந்து. புது போனில் அந்த மணி அடிக்கவே இல்லை. அம்மா போனை மடியில் வைத்துக் காத்திருப்பாள். அங்கே அண்ணன், அம்மாவுக்கு ஏதோ கோபம் என்று நினைத்திருக்கிறான். ரேம் குறைவு, பேட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதற்காக, பின்னணியில் இருக்கும் செயலிகளைப் போன் சத்தமில்லாமல் கொன்றுவிடுகிறது. அந்த இரண்டு நாள் பேட்டரிக்குப் பின்னால் இந்தக் கொலைகளும் உண்டு. அமைப்புகளுக்குள் போய், அந்த ஒரு செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன். வாங்குகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். கடையில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

"இன்னும் மூவாயிரம் போட்டால் நல்ல திரை கிடைக்கும் அக்கா" என்று அன்றைக்கு அந்தத் தம்பி சொன்னது நியாயமாகக்கூட இருக்கலாம். மூவாயிரம் போட்ட பிறகு இன்னொரு மூவாயிரம் என்பான். அம்மா ஒரு கிலோ முந்திரிப்பருப்பு உடைத்து வாங்கிய கூலி எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் கையை மூடிக்கொண்டேன்.

இப்போது எட்டரைக்கு மணி அடிக்கிறது. தகரக் கூரையில் மழை கொட்டும்போதும் கேட்கிற அளவுக்குச் சத்தம் இருக்கிறது. ஒலிபெருக்கி ஒன்றுதான், அது கொஞ்சம் கரகரக்கும். நேற்று அண்ணன், டிசம்பரில் வரும்போது இதைவிட நல்ல போன் கொண்டுவருவதாகச் சொன்னான். நாற்பதாயிரத்துக்கு மேல் இருக்குமாம்.

"அதில் ரேடியோ உண்டா?" என்று அம்மா கேட்டாள்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.