பாரிஸ் பிஸ்ட்ரோவில் தண்ணீருக்குக் காசு கிடையாது

பாரிஸில் பிஸ்ட்ரோ எனப்படும் சின்ன உணவகங்களில் தண்ணீருக்கும் ரொட்டிக்கும் தனிக்காசு, மேலே 15 சதவீதம் டிப்ஸ் கட்டாயம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி யாரும் தாகத்தோடு உட்காராதீர்கள்.

வெறுமனே "தண்ணீர்" என்று கேட்டால் பெரும்பாலும் மினரல் பாட்டில்தான் வரும்; அதற்குத்தான் காசு. "கராஃப் தோ" என்று கேளுங்கள். கண்ணாடிக் குடுவையில் குழாய்த் தண்ணீர் வரும். சாப்பிட வந்தவருக்கு அதை இலவசமாகத் தரவேண்டும் என்பது பிரான்சில் சட்டம். சாப்பாட்டோடு கூடையில் வரும் ரொட்டியும் அப்படித்தான், தட்டில் மிஞ்சிய சாஸை அதால் துடைத்துச் சாப்பிடலாம்.

சரி, டிப்ஸ்? மெனு விலையிலேயே சேவைக் கட்டணம் அடங்கிவிட்டது. பில்லில் "செர்வீஸ் கொம்ப்ரி" என்றிருப்பது அதைத்தான் சொல்கிறது. மனம் நிறைந்தால் ஓரிரு யூரோ வைக்கலாம், கட்டாயமில்லை.

அப்புறம், பில்லை நாமாகக் கேட்கும்வரை கொண்டுவர மாட்டார்கள். அது அலட்சியம் இல்லை, மரியாதை.