சொத்துக்காகத்தானா?
வயது வித்தியாசம் மிகுந்த முதியவரோடு ஒரு பெண் சேர்ந்து வாழ்வது சொத்துக்காகவே என்று ஒரு கட்டுரையாளர் தம் கட்டுரையில் முடிவுகட்டுவதை ஏற்க இயலவில்லை. எங்கள் தெருவில் 72 வயதுப் பெரியவரும், அவரைவிட 18 ஆண்டுகள் இளையவரான, ரயில்வே ஊழியரான கணவரை இழந்த அம்மையாரும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். பிள்ளைகள் உள்ள அந்த அம்மையார் மறுமணம் செய்தால் குடும்ப ஓய்வூதியம் நின்றுவிடும் என்பதால் மணம் வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். மருத்துவமனைப் படிவத்தில் ‘உறவுமுறை’ என்ற இடத்தில்கூட அம்மையார் ‘தெரிந்தவர்’ என்றுதான் எழுதினார். மணமின்றி, உயிலுமின்றி, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பெரியவரின் சொத்தில் அவருக்குச் சல்லிக்காசு கிடையாது. சொத்துக்குக் கணக்குப் போடுபவர் முதலில் தாலியை அல்லவா கேட்டிருப்பார்? 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், திருமணத்தை ஒத்த உறவில் வாழும் பெண்ணுக்குக் குடியிருக்கும் உரிமையையும் பராமரிப்பையும் பெற்றுத்தரலாமே தவிர, அவரை வாரிசாக்காது.